நான்கரை வயதுப் பையனுக்கு ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ காட்டலாமா?

தாழம்பூ

எங்கள் தெருவில் உள்ள ஒரு குடும்பத்தினர், ஹாலோவீனுக்கு முந்தைய சனிக்கிழமை இருட்டியதும் தங்கள் வீட்டுப் பின்புறப் புல்வெளியில் வெள்ளைத் திரை கட்டி, புரொஜெக்டர் வைத்து, தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ‘தி நைட்மேர் பிஃபோர் கிறிஸ்துமஸ்’ படத்தைப் போட்டுக் காட்டப் போவதாக அழைத்திருக்கிறார்கள். மூன்று வயது முதல் பத்து வயது வரையிலான பிள்ளைகள் வருவார்கள். என் மகளுக்கு எட்டு வயது. அவளைப் பற்றி எனக்கு அதிகக் கவலை இல்லை. மகனுக்கு நான்கரை வயது. கடை வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைத் தொட்டுப் பார்த்துச் சிரிக்கிறான். அந்தப் படத்தின் எலும்புக்கூடு நாயகன் ஜாக் ஸ்கெலிங்டனின் முகம் போட்ட சட்டையை அடம்பிடித்து வாங்கிக்கொண்டான். ஆனால் மாடிப்படியில் விளக்கு எரியாவிட்டால் தனியாக ஏற மாட்டான். இவற்றில் எதை அளவாக வைத்துக்கொள்வது என்று எனக்கு விளங்கவில்லை.

படத்துக்கு அமெரிக்காவில் பிஜி, அதாவது பெற்றோர் வழிகாட்டலோடு பார்க்கலாம் என்ற தரம் கொடுத்திருக்கிறார்கள். அழைத்தவர்களிடம் கேட்டபோது, “டிஸ்னி படம்தானே” என்றார்கள். குழந்தைகளோடு இந்தப் படத்தைப் பார்த்தவர்கள், எந்தக் காட்சி எப்படிப்பட்டது என்று குறிப்பாகச் சொன்னால் உதவியாக இருக்கும். ‘அது பிள்ளையைப் பொறுத்தது’ என்பது எனக்கும் தெரியும். அதற்கு மேல் ஏதாவது சொல்லுங்கள்.

எடிசன்வாசி

தாராளமாகக் கூட்டிச் செல்லுங்கள். பொம்மைகளை அசைத்து எடுத்த 76 நிமிடப் படம். பெரும்பகுதி பாட்டாகவே நகர்கிறது. இரத்தம் கிடையாது, நாயகன் கெட்டவன் கிடையாது. ஹாலோவீன் நகரத்தின் நாயகனான எலும்புக்கூடு ஜாக், ஆண்டுதோறும் ஒரே விதமாகப் பயமுறுத்திச் சலித்துப்போய், தற்செயலாகக் கிறிஸ்துமஸ் நகரத்தைக் கண்டு மயங்கி, அந்தப் பண்டிகையைத் தானே நடத்திப் பார்க்க ஆசைப்பட்டு எல்லாவற்றையும் குழப்பிவிடுகிறான், அவ்வளவுதான் கதை. நாமெல்லாம் பூச்சாண்டி வருகிறான் என்று சொல்லிச் சோறு ஊட்டப்பட்டவர்கள். தூணைப் பிளந்துகொண்டு வந்த நரசிம்மர் இரணியனின் குடலை மாலையாகப் போட்டுக்கொண்ட கதையை என் பாட்டி சொன்னபோது எனக்கும் நான்கைந்து வயதுதான் இருக்கும்.

தெருப் பிள்ளைகள் எல்லோரும் கூடும் இடத்துக்கு அக்கா போய்த் தம்பி மட்டும் வீட்டில் இருந்தால், அந்த ஏக்கம் ஒரு கெட்ட கனவைவிடப் பெரியது என்பது என் கருத்து.

நிழலாட்டம்

‘டிஸ்னி படம்தானே’ என்ற வாதத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டும். 1993இல் இந்தப் படம் வெளிவந்தபோது, சிறுவர்களுக்கு இது மிகவும் இருண்டதாகவும் அச்சமூட்டுவதாகவும் இருக்கும் என்று அந்த நிறுவனமே தயங்கித்தான், தன் பெயரைப் போடாமல், பெரியவர்களுக்கான படங்களை வெளியிட்டுவந்த தன் டச்ஸ்டோன் பிக்சர்ஸ் பிரிவின் பெயரில் வெளியிட்டது. 2006இல் முப்பரிமாணப் படமாக மறுவெளியீடு செய்தபோதுதான் டிஸ்னியின் பெயர் முன்னால் வந்தது. அதற்கு முன்பே, 2001 முதல், கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் உள்ள பேய் மாளிகை ஆண்டுதோறும் சில மாதங்கள் இந்தப் படத்தின் அலங்காரத்துக்கு மாறத் தொடங்கியிருந்தது. பொம்மைகளும் சட்டைகளும் கைக்குழந்தை உடைகளும் பெருகின. உங்கள் மகனின் சட்டை அந்த வணிகத்தின் வழியாக வந்தது. சட்டையில் இருக்கும் முகம் பிடித்திருப்பதால் படமும் அவனுக்கு ஏற்றது என்று கொள்வதற்கில்லை.

பிஜி என்ற தரமும் அதிகம் உதவாது. அமெரிக்கத் தரக்குழு ‘சில அச்சமூட்டும் காட்சிகளுக்காக’ என்று காரணம் குறிப்பிட்டிருக்கிறது, ஆனால் எந்த வயதுக்கு என்று சொல்லவில்லை. இந்தப் படத்தை இயக்கியவர் டிம் பர்ட்டன் என்றே பலரும் நினைக்கிறார்கள். கதையும் தயாரிப்பும் அவருடையவை, இயக்கியவர் ஹென்றி செலிக். அதே செலிக் 2009இல் எடுத்த ‘கோரலைன்’ படத்தில், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பொத்தான் தைத்த ஒருத்தி தாயின் உருவில் வந்து சிறுமியைப் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்க்கிறாள். அதற்கும் பிஜிதான். இரண்டையும் பார்த்த எவரும் இரண்டும் ஒரே அளவு என்று சொல்ல மாட்டார்கள்.

காட்சிகளுக்கு வருகிறேன். நீங்கள் மாடிப்படியைப் பற்றி எழுதியதால் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்: படம் தொடங்கிய சில நிமிடங்களில் வரும் முதல் பாட்டிலேயே, கட்டிலுக்கு அடியில் கூரிய பற்களும் சிவந்து ஒளிரும் கண்களுமாக ஒளிந்திருக்கும் ஒருவனும், மாடிப்படிக்குக் கீழே பாம்பு விரல்களோடு ஒளிந்திருக்கும் ஒருவனும் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்கிறார்கள். முகத்தைக் கழற்றிவிட்டு மறையும் கோமாளியும், கிளைகளில் எலும்புக்கூடுகள் தூக்கில் தொங்கும் மரமும் அதே பாட்டில் வருகின்றன. பெரியவர்களுக்கு இது கொண்டாட்டம். இசையும் அப்படித்தான் துள்ளுகிறது. மாடிப்படியின் இருட்டுக்குள் என்ன இருக்கிறது என்று இதுவரை உருவம் கொடுக்காமல் பயந்துகொண்டிருக்கும் பிள்ளைக்கு, இந்தப் பாட்டு ஓர் உருவத்தைக் கையில் கொடுத்துவிடுகிறது.

அதன் பிறகு நெடுநேரம் படம் மென்மையானது. ஜாக் தன் விலா எலும்பை உருவி எறிய, பூசணி மூக்கு ஒளிரும் பேய் நாய்க்குட்டி ஜீரோ அதைக் கவ்வப் பாயும் இடத்தில் சிரிக்காத பிள்ளையை நான் பார்த்ததில்லை. இடையில் தைத்த பொம்மைப் பெண்ணான சாலியின் கை நூல் பிரிந்து தனியே வருகிறது. அவளை உண்டாக்கிய டாக்டர் ஃபிங்கல்ஸ்டைன் தன் மண்டையோட்டைத் திறந்து மூளையைச் சொறிந்துகொள்கிறார். இவை வேடிக்கையாகவே காட்டப்படுகின்றன, பெரும்பாலும் வேடிக்கையாகவே போய்ச் சேருகின்றன.

கடினமான இடங்கள் பிற்பகுதியில் இரண்டு. ஜாக் கொண்டுபோய் வைக்கும் பரிசுகளை வீடுகளில் பிள்ளைகள் பிரிக்கும்போது ஒரு பையன் கையில் சுருங்கிய மனிதத் தலை வருகிறது. இன்னொரு வீட்டில் ஒரு பாம்பு கிறிஸ்துமஸ் மரத்தையே விழுங்குகிறது. பொம்மைகள் பிள்ளைகளைத் துரத்துகின்றன. மற்றொன்று ஊகி பூகியின் நிலவறை. கோணிப்பை உருவமான அவன், கட்டுண்டு கிடக்கும் கிறிஸ்துமஸ் தாத்தாவைச் சூதாட்டக்காரன்போல் பாடிப் பாடி மிரட்டுகிறான். கடைசியில் அவனுடைய தையல் பிரிந்து, கோணிக்குள் முழுவதும் நெளியும் பூச்சிகள்தான் இருந்தன என்று தெரிகிறது. படத்தில் உண்மையாகவே தீயவன் அவன் ஒருவன்தான், அந்தக் காட்சியும் நீளமானது.

கதைசொல்லி

மழலையர் பள்ளியில் வேலை செய்பவள் என்ற முறையில் சில செய்திகளைச் சொல்கிறேன்.

1969இல் ரீட்டா டிவ்ரீஸ் என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். மேனார்ட் என்ற சாதுவான பூனையைக் குழந்தைகளிடம் காட்டி, அதைத் தடவிக்கொடுக்கச் சொல்லி, பின்னர் குழந்தைகள் அதன் வாலையும் உடம்பையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தலைப்பக்கத்தை மறைத்து, நாய் முகமூடி ஒன்றை மாட்டினார். முகமூடியோடு பூனையைத் திருப்பிக் காட்டியபோது, மூன்று வயதுக் குழந்தைகளில் பலர் அது நாயாகிவிட்டது என்றே நம்பினார்கள். ஆறு வயதுக் குழந்தைகளில் பெரும்பாலோர் அது பூனைதான் என்று உறுதியாகச் சொன்னார்கள். நான்கரை வயது இந்த இரண்டுக்கும் இடையில் நிற்கிறது. தோற்றம் மாறினால் பொருளே மாறிவிடுகிறது என்ற எண்ணம் அந்த வயதில் முழுதாக நீங்கியிருக்காது.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இதையே ஆராய்ந்த ஜோஆன் கேன்டரும் அவருடைய குழுவினரும், அக்காலத்து ‘இன்கிரெடிபிள் ஹல்க்’ தொலைக்காட்சித் தொடரை வைத்துக் கண்டதும் இதை ஒட்டியதே. நல்ல மனிதன் பச்சை நிற ராட்சசனாக மாறும் இடம் மழலையரை மிகவும் அச்சுறுத்தியது. அவன் காப்பாற்றத்தான் வருகிறான் என்பது அவர்களுக்கு ஆறுதலாக இல்லை. பெரிய பிள்ளைகளோ அவன் யார், எதற்காக வருகிறான் என்பதைக் கொண்டு அவனை எடைபோட்டார்கள். சுமார் ஏழு வயது வரை ஒன்று எப்படித் தோன்றுகிறது என்பதே அச்சத்தைத் தீர்மானிக்கிறது. அதற்குப் பிறகு, இது உண்மையில் எனக்கு நடக்கக்கூடியதா என்ற கேள்வி முன்னால் வருகிறது.

இதை வைத்து நிழலாட்டம் அவர்கள் கொடுத்த காட்சிகளைப் பார்த்தால், முகம் கழன்றுபோகும் கோமாளி, தையல் பிரிந்து பூச்சிக் குவியலாகும் ஊகி பூகி ஆகிய இரண்டுமே கண்ணெதிரே உருமாறுபவை. அழகாகவும் உறுதியாகவும் ஒரே முகத்தோடு இருக்கும் ஜாக்கைக் கண்டு உங்கள் மகன் பயப்படாமல் இருப்பதும், இவற்றைக் கண்டு பயப்படப் போவதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கடை வாசலில் தொங்கும் எலும்புக்கூடு அசையாது, மாறாது, அவன் விரும்பினால் விலகிப் போய்விடலாம். அதைத் தொட்டுச் சிரித்தான் என்பதைத் திரைப்படத்துக்கான தேர்வாக எடுத்துக்கொள்ள முடியாது. மாடிப்படிதான் சரியான அளவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பயந்த நான்கு வயதுப் பிள்ளையிடம் ‘அது நிஜமில்லை, வெறும் பொம்மை’ என்று விளக்குவதால் பயன் குறைவு. அந்த வயதுக்கு உதவுவது மடியில் உட்கார்த்திக்கொள்வதும், குடிக்க ஏதாவது கொடுப்பதும், கண்ணை மூடிக்கொள்ள விடுவதும், இடத்தை விட்டு எழுந்து போவதுமே. எட்டு வயதுப் பிள்ளைக்கு விளக்கம் நன்றாகவே வேலை செய்யும். ஜாக்கின் முகபாவங்களுக்காகச் சுமார் 400 தலைகளைச் செய்து, ஒவ்வொன்றாக மாற்றிவைத்து, ஒரு வினாடிக்கு 24 படங்கள் என்று எடுத்துச் சேர்த்தார்கள் என்பதை உங்கள் மகளிடம் சொல்லிப் பாருங்கள்; ஊகி பூகி வரும்போது அவள் பூச்சிகளை எப்படி அசைத்தார்கள் என்று யோசிப்பாள்.

எடிசன்வாசி

ஆராய்ச்சியை மதிக்கிறேன். ஆனால் அப்படியானால் நரசிம்ம அவதாரத்தைக் கேட்ட தலைமுறை முழுவதும் நடுங்கியே வளர்ந்திருக்க வேண்டுமே? பாதி சிங்கம், பாதி மனிதன்; உருமாற்றம் என்றால் அதைவிட வேறு என்ன வேண்டும்?

டொராண்டோ அத்தை

எடிசன்வாசி அவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு விடையும் அவருடைய பாட்டியிடமே இருக்கிறது. கதையைக் கேட்கும் பிள்ளை தன்னால் தாங்கக்கூடிய அளவுக்குத்தான் சிங்கத்தைத் தன் மனதில் வரைந்துகொள்ளும். பாட்டியும் பிள்ளையின் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் கதை சொல்லுவார். கண் விரிந்தால் குரலைத் தாழ்த்துவார், குடலை மாலையாகப் போட்டதை ஒருநாள் சொல்லுவார், ஒருநாள் விட்டுவிடுவார். இந்தப் படத்தில் சிங்கத்தை வேறொருவர் முழுவதுமாக வரைந்து, நிறம் தீட்டி, இசையும் சேர்த்து அனுப்பியிருக்கிறார். பிள்ளையின் முகத்தைப் பார்த்து அது தன்னைக் குறைத்துக்கொள்ளாது. அதுவும் அயல்வீட்டுப் புல்வெளியில், இருட்டில், பெரிய திரையில், நிறுத்தும் பொத்தான் உங்கள் கையில் இல்லாத இடத்தில்.

என் பிள்ளைகளோடு இந்தப் படத்தைப் பார்த்தபோது பேய்களைவிட வேறொன்று சிக்கலாயிற்று. ஜாக்கின் சொற்படி லாக், ஷாக், பேரல் என்ற மூன்று சிறுவர்கள் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கடத்திக்கொண்டு வருகிறார்கள். எப்படிக் கடத்தலாம், எப்படியெல்லாம் துன்புறுத்தலாம் என்று குதூகலமாக ஒரு பாட்டே பாடுகிறார்கள். அப்போது மூத்தவளுக்கு ஆறு வயது. கடத்துபவர்களும் தன்னைப்போலச் சிறுபிள்ளைகள் என்பதும், கடத்தப்படுபவர் தான் உண்மையென்று நம்பும் ஒருவர் என்பதும் அவளைப் பெரிதும் குழப்பிவிட்டன. இந்த ஆண்டு தாத்தா வருவாரா என்று டிசம்பர் வரை கேட்டுக்கொண்டிருந்தாள். படத்தின் முடிவில் அவர் தப்பி வந்து எல்லாவற்றையும் சரிசெய்கிறார், ஹாலோவீன் நகரத்துக்கே பனி பொழிய வைக்கிறார் என்பதும் உண்மைதான். ஆனால் முடிவு வரும்வரை அந்தக் கவலை சுமக்கப்பட வேண்டியதாக இருக்கிறது. உங்கள் வீட்டில் கிறிஸ்துமஸ் தாத்தா பெரிய விஷயம் இல்லை என்றால் இதை விட்டுவிடுங்கள். ஆனால் மழலையர் பள்ளியில் படிக்கும் பிள்ளை அதை அங்கேயே கற்றுக்கொண்டிருக்கும்.

நிழலாட்டம்

அத்தை சொன்ன திரையின் அளவு என்பது நான் எழுத மறந்தது அல்ல, எழுதத் தயங்கியது. ஏனெனில் இந்தப் படம் பெரிய திரையில் பார்க்க வேண்டிய படம் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் தன் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் இதைச் சேர்த்தது. அந்தத் தகுதி அதற்கு உண்டு. ஆனால் நான்கரை வயதில் பார்க்காவிட்டால் அது எங்கும் ஓடிப்போய்விடாது.

பனிக்கூழ்

தர முத்திரை பற்றிச் சுருக்கமாக ஒன்று. பிரிட்டனின் தரக்குழு வயதை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறது: அங்கே ‘யு’ என்றால் பொதுவாக நான்கு வயதும் அதற்கு மேலும்; ‘பிஜி’ என்றால் எட்டு வயதை ஒட்டிய பிள்ளையையோ அதற்கு மூத்த பிள்ளையையோ அது கலங்கவைக்கக் கூடாது. இந்தப் படத்துக்கு அங்கேயும் பிஜிதான். தாழம்பூ அவர்களின் இரண்டு பிள்ளைகளும் அந்தக் கோட்டின் இரு பக்கங்களில் சரியாக நிற்கிறார்கள். இந்தியாவில் 2023ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் யுஏ சான்றிதழை 7, 13, 16 என்று வயதுவாரியாகப் பிரித்திருப்பதும் இந்தக் குறையை உணர்ந்துதான் என்று நினைக்கிறேன். அமெரிக்க பிஜி மட்டும் இன்னும் ‘பெற்றோரே பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது.

தாழம்பூ

எல்லோருக்கும் நன்றி. பிள்ளைகள் உறங்கிய பிறகு படத்தை முழுவதுமாகப் பார்த்து முடித்தேன்.

மாடிப்படி வரி வந்த இடத்திலேயே மகனைப் பற்றிய முடிவு எனக்கு ஏறக்குறைய உறுதியாகிவிட்டது. ஊகி பூகி காட்சியின் நீளம்தான் என்னை வியக்கவைத்தது. அச்சமூட்டும் காட்சி சட்டென்று வந்து போய்விட்டால் ‘அவ்வளவுதான், முடிந்துவிட்டது’ என்று பிள்ளையிடம் சொல்லிவிடலாம். இங்கே அவன் ஒரு முறை வந்து பாடி மிரட்டிவிட்டுப் போய், முடிவுக்கு அருகில் மறுபடியும் வருகிறான்; இடையில் தாத்தா அவன் பிடியில்தான் இருக்கிறார் என்ற நினைப்பு போவதில்லை.

மகளைப் பற்றி நான் எதிர்பாராத ஒரு கேள்வி எழுந்தது. டாக்டர் ஃபிங்கல்ஸ்டைன் சாலியைத் தன் உடைமைபோல் நடத்தி, வெளியே போகவிடாமல் பூட்டி வைக்கிறார். அவள் அவருடைய சூப்பில் நச்சுச்செடியைக் கலந்து கொடுத்து அவர் மயங்கியதும் தப்பிக்கிறாள். சன்னலிலிருந்து குதித்துச் சிதறி, தன்னைத் தானே தைத்துக்கொண்டு எழுந்து போகிறாள். படத்திலேயே துணிச்சலான ஆள் அவள்தான், எனக்கு மிகவும் பிடித்தவளும் அவள்தான். ஆனால் எட்டு வயதுப் பெண் இதைப் பார்த்து என்ன புரிந்துகொள்வாள்? பேய், பூதம் ஆகியவற்றைவிட இது உண்மை வாழ்க்கைக்கு நெருக்கமானதாயிற்றே. கதைசொல்லி அவர்கள் சொன்னபடி, நடக்கக்கூடியது எது என்று எடைபோடும் வயது அவளுடையது.

கதைசொல்லி

நல்ல கவனிப்பு, பலரும் தவறவிடும் இடம் அது. ஆனால் இதற்காக மகளைத் தடுக்க வேண்டியதில்லை. எட்டு வயதுப் பிள்ளைகள் சாலியின் பக்கம் நின்று மகிழ்வதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். அவள் ஏன் ஓடிப்போக விரும்பினாள், அவர் அவளைப் பூட்டியது சரியா என்று படம் முடிந்து வீடு திரும்பும் வழியில் கேளுங்கள். படத்துக்கு முன்பே விளக்கம் சொல்லி அவளை எச்சரிக்க வேண்டாம். அது இல்லாத பயத்தை ஊட்டிவிடும். ஒன்றை மட்டும் வீட்டில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: சூப்பில் எதையும் கலந்து விளையாடக் கூடாது. சிரிப்பாக இருக்கலாம், மழலையர் பள்ளியில் இருப்பவர்கள் இப்படித்தான் யோசிப்போம்.

எடிசன்வாசி

என் கட்சியில் இப்போது நான் மட்டுமே மிஞ்சியிருக்கிறேன் போலிருக்கிறது. இருந்தாலும் அக்கா போகத் தம்பி வீட்டில் இருப்பதைப் பற்றி நான் சொன்னதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ‘நீ சின்னப் பையன், உனக்குப் பயமாக இருக்கும்’ என்று சொல்லி நிறுத்தினால், அந்தப் படம் ஏதோ பயங்கரமானது என்ற எண்ணம் பார்க்காமலேயே அவன் மனதில் ஏறிவிடும். அதற்கு என்ன வழி?

டொராண்டோ அத்தை

தடுப்பதற்குப் பதிலாக, அவனுக்கென்று ஒன்றைக் கொடுத்தால் அந்தப் பேச்சே எழாது. மூன்று வயதுப் பிள்ளைகளும் வருகிறார்கள் என்று தாழம்பூ எழுதியிருக்கிறார். இந்தத் தயக்கம் மற்றப் பெற்றோருக்கும் இருக்கும். சின்னவர்களுக்கு வேறு படம் போடலாமே?

ஜூலியா டொனால்ட்சன் எழுதி, ஆக்செல் ஷெஃப்லர் படம் வரைந்த ‘ரூம் ஆன் தி புரூம்’ நூலை பிபிசி 2012இல் அரை மணி நேரத்துக்கும் குறைவான அனிமேஷன் படமாக ஒளிபரப்பியது. சூனியக்காரி துடைப்பத்தில் பூனையோடு பறக்கிறாள். வழியில் நாய், பறவை, தவளை எல்லோரும் ஏறிக்கொள்ளத் துடைப்பம் இரண்டாக முறிகிறது. அவளைத் தின்ன வரும் டிராகனை, விலங்குகள் சேற்றில் புரண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்று பெரிய பூதம்போல் நடித்து விரட்டுகின்றன. அந்தப் பூதம் எவற்றால் ஆனது என்பது பார்க்கும் பிள்ளைக்கு முன்பே தெரியும். பயப்படுவது டிராகன் மட்டும்தான். நான்கு வயதுக்கு உகந்த அச்சம் இப்படித்தான் இருக்க வேண்டும்.

பனிக்கூழ்

ஹாலோவீன் என்றால் சார்லி பிரவுனும் பெரிய பூசணியும் இல்லாமலா? ‘இட்ஸ் தி கிரேட் பம்ப்கின், சார்லி பிரவுன்’ 1966 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் முதன்முதலாக ஒளிபரப்பான 25 நிமிடப் படம். 2020 முதல் ஆப்பிள் டிவி (முன்பு ஆப்பிள் டிவி பிளஸ்) தளத்தில் இருக்கிறது. பெரிய பூசணி வரும் என்று பூசணித் தோட்டத்தில் இரவெல்லாம் காத்திருக்கும் சிறுவன் லைனஸ், எழுந்து நிற்கும் நாய் ஸ்னூப்பியின் நிழலைப் பெரிய பூசணி என்று நினைத்து மயங்கி விழுவதுதான் அதில் உள்ள அதிகபட்சத் திகில்.

எடிசன்வாசி

அதில் பயம் இல்லை, சரி. ஆனால் ஒருவரையொருவர் முட்டாள் என்று திட்டிக்கொண்டே இருப்பார்கள். வீடு வீடாகப் போகும்போது மற்றவர்களுக்கெல்லாம் இனிப்பு கிடைக்க, சார்லி பிரவுனின் பையில் மட்டும் ஒவ்வொரு வீட்டிலும் கல்லைப் போடுவார்கள். பேயைவிட அது என் மகனை அதிகமாக வருத்தியது. எதற்காக அவனுக்கு மட்டும் கல் என்ற கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

கதைசொல்லி

எடிசன்வாசி அவர்கள் இந்த இழையிலேயே மிக நல்ல குறிப்பு ஒன்றைத் தந்திருக்கிறார். பேய் இல்லாத படத்திலும் பிள்ளை வருந்தக்கூடிய இடம் இருக்கும், முத்திரை அதைச் சொல்லாது. ஆனால் வருத்தமும் அச்சமும் ஒன்றல்ல. ‘ஏன் அவனுக்கு மட்டும் கல்’ என்று கேட்கத் தெரிந்த பிள்ளை அந்த வருத்தத்தைப் பகலில் உங்களிடம் கொண்டுவந்துவிட்டது. அச்சம் அப்படி வாய்விட்டுக் கேட்காது. இரவில் கட்டிலை விட்டு இறங்கி வந்து உங்கள் பக்கத்தில் படுத்துக்கொள்ளும். நான்கு வயதுக்கு நான் கல்லைத்தான் தேர்ந்தெடுப்பேன். லைனஸின் அக்கா லூசி அதிகாலை நான்கு மணிக்கு எழுந்து, தம்பி கட்டிலில் இல்லாததைக் கண்டு, பூசணித் தோட்டத்துக்குப் போய்க் குளிரில் நடுங்கிக் கிடப்பவனை அழைத்து வந்து படுக்கவைக்கும் காட்சியும் அதே படத்தில்தான் இருக்கிறது. அக்காவும் தம்பியும் உள்ள வீட்டுக்கு அது நன்றாகப் பொருந்தும்.

நேரத்தையும் கவனியுங்கள். இரண்டு முதல் ஐந்து வயது வரையிலான பிள்ளைகளுக்கு நாளொன்றுக்குத் திரை நேரம் ஒரு மணிக்குள் இருக்கட்டும் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016இல் தந்த பரிந்துரை. 76 நிமிடப் படம் அச்சமே இல்லாததாக இருந்தாலும் அந்த வயதுக்கு நீளம்; அச்சமூட்டும் பகுதி கடைசியில் வருவதால், பிள்ளை களைத்துத் தூக்கம் கண்ணைச் சுற்றும் நேரத்தில்தான் ஊகி பூகி வந்து நிற்பான்.

மருந்துப்பெட்டி

தூக்கம் பற்றிய பேச்சு வந்ததால் ஒரு குறிப்பு. அன்றிரவு பிள்ளை அலறினால் அது எந்த நேரம் என்று பாருங்கள். பயங்கரக் கனவு பெரும்பாலும் இரவின் பிற்பாதியில் வரும். பிள்ளை முழுதாக விழித்து, உங்களைத் தேடி, கனவைச் சொல்லவும் செய்யும். அணைத்துக்கொண்டு, விளக்கைப் போட்டு, மறுபடி தூங்கும்வரை கூடவே இருப்பது போதும். தூங்கிய ஓரிரு மணி நேரத்துக்குள் கண் திறந்தபடியே அலறி, உங்களை அடையாளம் தெரியாததுபோல் திமிறி, காலையில் எதுவும் நினைவில்லாமல் இருந்தால் அது இரவுத் திகில் எனப்படும் வேறொரு நிலை. அதற்குப் படத்தைவிடத் தூக்கக் குறைவும் காய்ச்சலும் முக்கியக் காரணங்கள். அந்த நிலையில் பிள்ளையை உலுக்கி எழுப்ப முயல வேண்டாம். அடிபடாமல் பார்த்துக்கொண்டால் தானாக அடங்கும். அடிக்கடி வந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

தாழம்பூ

அழைத்த வீட்டம்மாவிடம் பேசினேன். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடிப்பதற்குள், தன் கடைசி மகனுக்கு மூன்று வயது என்பதால் இதே கேள்வி தனக்கும் இருந்தது என்றும், யாராவது முதலில் கேட்க மாட்டார்களா என்று இருந்தது என்றும் சொன்னார். சின்னவர்களுக்கு முதலில் புல்வெளியிலேயே ஏதாவது போடலாம் என்று நினைத்தோம். ஆனால் இருட்டாமல் புரொஜெக்டர் படம் தெரியாது. அக்டோபர் கடைசியில் ஆறு மணிக்குத்தான் சூரியன் மறைகிறது. அதனால் ஐந்து மணிக்கு அவர்கள் வீட்டுக் கூடத்துத் தொலைக்காட்சியில் ‘ரூம் ஆன் தி புரூம்’. அது முடிந்ததும் பூசணியில் முகம் வரைவது, பிறகு சாப்பாடு. சின்னவர்கள் வீடு திரும்பிய பிறகு, ஆறரை மணிக்கு மேல் புல்வெளியில் பெரிய பிள்ளைகளுக்கு ஜாக். மகனை அவனுடைய அப்பா அழைத்துப் போய்விடுவார். நான் மகளோடு இருப்பேன்.

மகனிடம் உனக்கு ஒரு படம், அக்காவுக்கு ஒரு படம் என்று மட்டும்தான் சொன்னேன். டிராகன் இருக்குமா என்று கேட்டான், இருக்கும் என்றேன். ஜாக் சட்டையைப் போட்டுக்கொண்டு டிராகனைப் பார்க்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

எட்டு வயதுப் பிள்ளைகளில் யாராவது நடுவில் பயந்துபோனால் என்ன செய்வது என்று வீட்டம்மா கேட்டார். அதற்கு மட்டும் யோசனை தேவை.

நிழலாட்டம்

திரைக்குப் பக்கவாட்டில் ஒரு மேசை போட்டு, அதன்மேல் ஒரு விளக்கும் சூடான ஆப்பிள் சாறும் வைத்துவிடுங்கள். குடிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு எழுந்து வர ஒரு சாக்கு இருந்தால், பயந்தேன் என்று எந்தப் பிள்ளையும் மற்றவர்கள் முன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்காது. ஒலிபெருக்கியின் அளவைப் படத்தின் தொடக்கத்தில் வைத்தபடியே விட்டுவிடாமல், சாலி தன் காலைக் கழற்றி ஊகி பூகியைத் திசைதிருப்பும் இடம் வந்ததும் சற்றுக் குறைத்துவிடுங்கள். அங்கிருந்து அவனுடைய முடிவு வரை படங்களைவிட ஓசைதான் உரத்தது.